ஏழாவது கட்டம்

ஆனெலி வருவதற்கு முந்தின நாள் கடையில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்து வைத்திருந்த ஸ்வெட்டர்களைப் பிரித்து மறுபடி மடித்தேன். குல்லாக்களை நிறம் பார்த்து அடுக்கினேன், பிறகு அது பிடிக்காமல் அளவு பார்த்து அடுக்கினேன். கொடைக்கானல் ஏழு ரோடு முக்கில் திரும்பும் ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தேன், அவர் பஸ்ஸில் வரப்போவதில்லை என்று தெரிந்தும். அத்தா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல என்னையே பார்த்தார்.

"நீ மடிச்சு வச்சிருக்க சீரப் பாத்தா, வர்ற டூரிஸ்ட்டு தொட்டுப் பாக்கவே பயப்படுவான்" என்றார்.

அத்தாவிடம் நான் சொல்லியிருந்தது பாதிதான். நாங்கள் ஆடும் ஆட்டத்தின் உலகச் சங்கத்திலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருகிறார், அவர் சரி என்று எழுதிவிட்டால் நானும் சுசித்ராவும் மூன்று வாரம் பின்லாந்தில் பயிற்சி முகாமுக்குப் போவோம். இவ்வளவும் உண்மை. அவர் பார்வையிட வருவது எங்கள் ஆட்டத்தை அல்ல, கூக்கால் ஏரியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை என்பதை நான் சொல்லவில்லை. கூக்கால் ஏரி என்றைக்கும் உறைந்ததில்லை.

எங்கள் ஆட்டத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. சொன்னால் இங்கே யாருக்கும் பிடிபடாது என்பதால் வளைய ஆட்டம் என்றே சொல்லிவிடுவோம். உறைந்த தரையில், அடியில் கத்தி வைத்த ஷூ போட்டு வழுக்கிக்கொண்டே, ஆளுக்கொரு நேர்க் குச்சியால் ஒரு ரப்பர் வளையத்தைத் தள்ளிப்போய் எதிரணியின் வலைக்குள் போடவேண்டும். பெண்கள்தான் அதிகம் ஆடுகிறார்கள். தரையில் இரண்டு நீலக் கோடுகள் இருக்கும். வளையத்தோடு நாமே அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, அந்தப் பக்கம் நிற்கும் ஒருத்திக்குத் தள்ளிவிடவேண்டும். சுசித்ராவுக்கு இது கடைசிவரை பழகவில்லை. வேகத்தில் தாண்டிப் போய்விட்டு, "கோடு எங்கிட்டு இருந்துச்சு?" என்று திரும்பிக் கேட்பாள்.

நாங்கள் யாரும் உறைந்த தரையைக் கண்ணால் கண்டதில்லை. பெருமாள்மலையில் ஒரு பூண்டு குடோன் இருக்கிறது. வரத்து குறைந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை அதன் சிமெண்டுத் தரையில், சக்கர ஷூ போட்டு ஆடுவோம். பூண்டுத் தோல் எழும்பிப் பறந்து சக்கரத்தில் சிக்கும். வீட்டுக்குப் போனால் தலைமுடி வரைக்கும் நாறும். எங்களைச் சேர்த்தவர் வேலப்பன் மாஸ்டர். ஒரு பள்ளியில் ஒப்பந்தத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், அந்த வேலை முடிந்ததும் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். கபடிக்கும் சிலம்பத்துக்கும் ஊருக்கு நாலு சங்கம் இருக்கிறது, இதற்கு ஒருத்தனும் இல்லை என்று கண்டுபிடித்து மலை வட்டாரக் கிளை என ஒன்றைத் தொடங்கினார். தலைவரும் அவரே, செயலாளரும் அவரே. வெளிநாட்டுக்கு மெயில் எழுதுவது மட்டும் நான். நான் கான்வென்டில் படித்தவள், கடையில் சும்மா உட்கார்ந்திருப்பவள்.

பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு மூச்சு அடைக்கும். நாற்பது முகம் திரும்பும். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. குடோனில் என்னை வலைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கிரிக்கெட் ஹெல்மெட்டுக்குள் என் முகம் யாருக்கும் தெரியாது. வளையம் என்னை நோக்கி வரும்போது மட்டும்தான் எனக்கு மூச்சு சீராக இருந்தது. மற்ற நேரமெல்லாம், கடையில், வீட்டில், வத்தலக்குண்டுக்காரர்கள் என்னைப் பெண் கேட்டு அனுப்பிய பேச்சு அடுப்படியில் அடிபடும்போது, காலுக்குள் என்னமோ ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது போகவேண்டும். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின்லாந்து என்று ஒரு பெயர் கிடைத்த பிறகு கேட்டவர்களுக்குச் சொல்ல ஒன்று இருந்தது.

அந்தப் பெயர் ஒரு போட்டோவால் வந்தது. போன வருடம் பொங்கலுக்குச் சுசித்ராவின் ஊரான கூக்காலுக்கு எல்லோரும் போயிருந்தோம். காலையில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெள்ளையாகக் கிடந்தது. ஜனவரியில் பேப்பர்காரர்கள் வந்து எடுத்துப் போடுவார்களே, அதே காட்சி. எட்டுப் பேரைக் குச்சியோடு நிற்கவைத்து, நான் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துப் போனில் எடுத்தேன். எழுந்தபோது சுடிதாரின் முன்பக்கம் முழுக்க ஈரம். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் புல் பச்சையாகிவிட்டது. ஆனால் போட்டோவில் புல் தெரியவில்லை. வெள்ளைத் தரை, அதன்மேல் எட்டுப் பெண்கள், பின்னால் வெள்ளையாகவே போய் மூடுபனியில் கலக்கும் ஏரி.

மாஸ்டர் அதை ஆண்டறிக்கையோடு அனுப்பினார். உலகச் சங்கத்தின் இணையத்தளத்தில் ஒரு வாரம் அதுதான் முதல் படம். உங்கள் தெற்கில் இயற்கையாகவே பனித்தரை உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று என்று மெயில் வந்தது. என்ன எழுத என்று மாஸ்டரிடம் கேட்டேன். நன்றி என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அடுத்த மெயிலில், இயற்கைப் பனித்தரை உள்ள புதிய கிளைகளுக்கான திட்டத்தில் உங்களுக்கு இரண்டு இடம் தரலாம் என்று இருக்கிறோம் என்றார்கள். அதற்கும் நன்றிதான் எழுதினோம். ஒருவரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகுதான், நேரில் ஒருவர் வந்து பார்ப்பார் என்ற மெயில் வந்தது.

ஆனெலிக்கு அறுபது வயதிருக்கும். உயரமானவர், நரைத்த முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார். ஒரு முட்டி மடங்காமல் நடந்தார். பூம்பாறை தாண்டி ஜீப் குலுங்கக் குலுங்க, முன்சீட்டில் இருந்து திரும்பி என்னோடு பேசிக்கொண்டே வந்தார். இருபது வருடமாகப் பெரிய விளையாட்டு விழாக்களில் இந்த ஆட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். விழாக்காரர்கள் எத்தனை நாடு, எத்தனை கண்டம் என்றே திருப்பிக் கேட்கிறார்களாம். வரைபடத்தில் ஆட்டம் உள்ள இடங்களை நீலமாக அடித்து வைத்திருக்கிறார்கள், மேலே முழுக்க நீலம், கீழே ஒன்றுமில்லை. இந்தத் திட்டத்துக்காக அவர் இதுவரை நாலு இடம் போய் வந்துவிட்டார். ஒன்றில் குளம் வற்றியிருந்தது. இன்னொன்றில் குளமே இல்லை. மார்ச் மாதக் கூட்டத்தில் ஓரிடமாவது காட்டாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன சொல்றாங்க?" என்றார் மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. சொன்னேன். அவர் ஒரு வளைவைத் திருப்பி முடித்தார். பிறகு, "அப்ப அவங்களுக்கும் நம்மளவிட்டா ஆளில்ல" என்றார்.

முதல் நாள் காலை மேகம். இரண்டாம் நாளும் மேகம், போதாததற்குத் தூறல். உறைபனி விழ வானம் சுத்தமாக இருக்கவேண்டும். நான் சுசித்ரா வீட்டில் தங்கியிருந்தேன். நாலு மணிக்கே எழுந்து வாசலில் நின்று நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பேன், உள்ளே போய்ப் படுப்பேன், மறுபடி வருவேன். அவளுடைய அப்பா செல்லப்பாண்டி இரண்டு நாளும் எனக்கு முன்னால் எழுந்து அதே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கீழ்க்காட்டில் உருளைக்கிழங்கு இருந்தது. உறைபனி விழுந்தால் ஒரே காலையில் இலை கருகிப்போகும்.

"நீங்க விழு, விழுன்னு சொல்றீங்க, நான் விழாத, விழாதங்குறேன். சாமி பாவம், யாரு பேச்சத்தான் கேக்கும்" என்றார் அவர், கம்பளிக்குள்ளிருந்து.

சுசித்ரா பெருமாள்மலையில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு காளான் பண்ணையில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். ஒட்டன்சத்திரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களை, பின்லாந்து போய்வரட்டும் என்று சொல்லித்தான் நிறுத்தி வைத்திருந்தாள். அது தெரிந்தும் செல்லப்பாண்டி எங்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் விழுந்தது. கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, காற்றே இல்லை, மூக்கு நுனி எரிந்தது. மாஸ்டர் ஜீப்பைத் தள்ளவைத்து ஸ்டார்ட் செய்தார். ஏரிக்கரையில் இறங்கியபோது புல் முழுக்க வெள்ளை, ஷூவுக்குக் கீழே நொறுங்கியது. போட்டோவில் இருந்த அதே இடம். சுசித்ரா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

ஆனெலி குனிந்து கையுறையைக் கழற்றினார். புல்லை ஒரு பிடி தடவி விரலைப் பார்த்தார். விரல் ஈரமாக இருந்தது. பிறகு மடங்காத காலை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கித் தண்ணீர் ஓரம் வரைக்கும் போனார். ஏரியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் கரையில் சளக் சளக்கென்று அடித்தது. ஒரு நீர்க்கோழி அவரைக் கண்டு நீந்திப்போனது. அவர் அங்கே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் கால் மரத்துப்போகிற அளவு. திரும்பி வந்தபோது முகத்தில் கோபமில்லை. ரொம்ப தூரம் பஸ்ஸில் வந்தவர்கள் முகம்போல இருந்தது.

பையிலிருந்து படிவத்தை எடுத்து ஜீப் பானெட்டின்மேல் விரித்தார். பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருந்தார். ஏழாவது கட்டத்தில், ஆண்டில் எத்தனை நாள் இயற்கைப் பனித்தரை கிடைக்கும் என்று இருந்தது. அது மட்டும் காலி.

"இந்த வருடம் இல்லை, அதை நானே பார்த்துவிட்டேன்" என்றார். "மற்ற வருடங்களில்?"

நான் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தபடி தொடர்ந்தார். பத்து நாளுக்கு மேல் இருந்தால் போதும், திட்டம் நிற்கும். எல்லா வருடமும் நான் இங்கே இருந்ததில்லை, நீங்கள் இருந்திருக்கிறீர்கள். அந்தப் படத்தை எடுத்ததும் நீங்கள்தானே. அதனால் நீங்களே எழுதுங்கள். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

மாஸ்டரும் சுசித்ராவும் சற்றுத் தள்ளி நின்றார்கள். அந்த அம்மாவின் முன்னால் வந்து நிற்க மாஸ்டருக்குக் கூச்சம். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பன்னெண்டுன்னு போடு" என்றார் உடனே. முன்பே யோசித்து வைத்திருந்ததுபோல. "கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

சுசித்ரா குரலைத் தாழ்த்தினாள். "போடுடி. போயிட்டு வந்துட்டம்னா அப்புறம் யாரு வந்து ஏரிய எண்ணப் போறா."

பானெட்டின் சூட்டில் உறைபனி உருகிப் படிவத்தின் ஓரம் நனையத் தொடங்கியிருந்தது. கட்டம் சின்னது, இரண்டு எண்ணுக்கு இடம் இருந்தது. நான் ஒன்று என்ற கோட்டை இழுக்கத்தான் பேனாவை வைத்தேன். அப்போது எனக்கு வந்தது பயம். நேர்மை, உண்மை என்று யாராவது இதைப் படித்து நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு என்று எழுதினால் அடுத்த ஜனவரியில் இன்னொருவர் வருவார். இதே கரையில், இதே புல்லில், நான்தான் நிற்கவேண்டும், அவர் கேட்பதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் சொல்லவேண்டும். அதற்கடுத்த ஜனவரியிலும். நாற்பது முகம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. மூச்சு அடைத்தது. ஒரு பூஜ்யத்தைப் போட்டேன். சின்னதாக, கட்டத்தின் நடுவில்.

ஆனெலி வந்து பார்த்தார். பேனாவுக்கு மூடி போட்டார். என் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"போட்டாச்சா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"போட்டாச்சு சார்."

"எத்தன?"

"பன்னெண்டு" என்றேன்.

பூஜ்யத்தை எழுதுவதற்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை அதைச் சொல்ல. சுசித்ரா என்னைக் கட்டிக்கொண்டு தூக்கினாள். அவள் முடியில் விறகுப் புகை வாசம் வந்தது. மாஸ்டர் குல்லாவைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார், அந்தக் குளிரில். அவர்களுக்குப் பின்னால், கீழ்க்காட்டில் செல்லப்பாண்டி செடிசெடியாகக் குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போவது தெரிந்தது.

கொடைக்கானலில் விடைபெறும்போது ஆனெலி கடைக்கு வந்து ஒரு குல்லா வாங்கினார். அத்தா காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், அவர் விடவில்லை. "நல்ல அம்மா. கண்ணப் பாத்துப் பேசுறாங்க" என்றார் அத்தா. என் கண்ணை அன்றைக்கு அந்த அம்மா பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பெருமாள்மலை இறங்கும்வரை வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டே போவேன். குடோனுக்குள் சுசித்ரா தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அதில் சறுக்கி நிற்கப் பழகிக்கொண்டிருப்பாள். பனியில் சக்கரம் மாதிரி நிற்காதாம், ஓரமாகக் காலைத் திருப்பவேண்டுமாம், வீடியோவில் பார்த்தாளாம். இடுப்பு நோக விழுந்து விழுந்து எழுவாள். நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வலைக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று வேறிடம் பார்த்துவிட்டார்கள். அதை அவள் என்னிடம் லட்டு கொடுத்துச் சொன்னாள்.

மெயில் மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அத்தா ஜும்மாவுக்குப் போயிருந்தார், கடையில் நான் மட்டும். எங்கள் கிளை பனித்தரை இல்லாத கிளைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு குச்சியும் ஆறு வளையமும் அனுப்புவார்கள். திட்டம் மூடப்பட்டது, முகாம் இடங்கள் இந்த வருடம் எவருக்கும் இல்லை. கீழே ஆனெலி தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார். உங்கள்மேல் இரண்டு வாரம் கோபமாக இருந்தேன், இப்போது குறைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று முறை படித்தேன். போன் அடித்தது. மாஸ்டர்.

"வெரசாக் கெளம்பி பெருமாள்மலைக்கு வா. அத்தாவையும் கூட்டிட்டு வா. ஒன்னு காட்டணும்."

அத்தா தொழுகையிலிருந்து அப்படியே வந்து ஷட்டரை இறக்கினார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பின்லாந்தில் நம்ம சாப்பாடு கிடைக்குமா, ரொட்டியாகவே தின்ன முடியுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். போன் என் மடியில் சூடாக இருந்தது.

பெருமாள்மலை முக்கில் டீக்கடைக்கு எதிரே இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஃபிளக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பின்லாந்து செல்லும் மலையின் மகள்கள் என்று பெரிய எழுத்து. நெட்டில் எடுத்த ஏதோ ஒரு பனித்தரை, நீலமும் வெள்ளையுமாக. அதன்மேல் சுசித்ராவும் நானும். ஆட்டத்தில் எடுத்த என் படம் எல்லாவற்றிலும் ஹெல்மெட் இருந்ததால், வேறொருத்தி உடம்பின்மேல் என் பாஸ்போர்ட் போட்டோவின் தலையை வைத்திருந்தார்கள். அது நேராகப் பார்த்தது. டீக்கடையில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அத்தா நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

சுசித்ரா பண்ணையிலிருந்து முடிக்கு மாட்டும் நெட்டுத் தொப்பியோடேயே ஓடி வந்திருந்தாள். "ஒன் தலைய எப்படி பெருசு பண்ணிருக்காங்ய பாரு" என்று என் தோளில் இடித்தாள்.

"சுசி, ஒன்னு சொல்லணும்."

"இதக் கட்டி முடிக்கட்டும். அந்தக் கயித்தப் பிடி, ஆளு பத்தல."

ஏணியில் நின்று ஃபிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்த குழந்தைவேல் அண்ணன் கயிற்றின் முனையை என்னிடம் எறிந்தார். மலைச்சரிவிலிருந்து காற்று ஏறி வந்து ஃபிளக்ஸை வயிறு மாதிரி உப்பவைத்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காலை ஊன்றினேன்.

"காத்து போக வழி விடலேன்னா சாயங்காலத்துக்குள்ள மொத்தமாக் கிழிச்சிரும்" என்றபடி அவர் வாயில் கடித்திருந்த பிளேடைக் கையில் எடுத்தார்.

"மூஞ்சியில மட்டும் போட்றாதீங்கண்ணே" என்றாள் சுசித்ரா.

அவர் எங்கள் கால்களுக்குக் கீழே இருந்த பனித்தரையில் பிளேடை வைத்து அரைவட்டமாக இழுத்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. வெட்டின இடமெல்லாம் நாக்குப்போலத் திறந்து காற்றை உள்ளே விட்டு மூடியது. ஒவ்வொன்று திறக்கும்போதும் அந்தப் பக்கம் கீழிறங்கும் ரோடும், அதில் வத்தலக்குண்டு பஸ்ஸின் பின்கண்ணாடியும் துண்டு துண்டாகத் தெரிந்தன. உப்பல் குறைந்தது. ஆனாலும் கயிறு என் கையை இழுத்துக்கொண்டே இருந்தது.